மனந்திரும்புதல் என்னும் முடிவு

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் காலம். இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் பணியில் அமர்ந்தார்கள் என்பதையெல்லாம் எனக்கு முன் பேசிய பெரியோர்கள் எடுத்துரைத்தார்கள். கேட்கக் கேட்க மனம் குளிர்ந்தது. ஆயினும் கணக்கு என்றால் வரவு மட்டும் எழுதினால் போதுமா? திருப்பிச் செலுத்த வேண்டிய கடனையும் எழுதினால்தான் தணிக்கையாளர் கையொப்பம் இடுவார். வாழ்க்கைக் கணக்கிலும் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. நாம் பிறர்க்குச் செய்த தீங்கு அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதை என்ன செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இந்த அவையில் மாதா கோயிலுக்குச் செல்வோரும் இருக்கிறீர்கள். மாரியம்மன் கோயிலுக்குச் செல்வோரும் இருக்கிறீர்கள். கிறிஸ்தவ வாழ்வில் மனந்திரும்புதல் என்பதைப் பற்றியே நான் பேசப்போகிறேன் என்றாலும், தவறு செய்யாத மனிதர் எந்தச் சமயத்திலும் இல்லையாதலால், இது அனைவர்க்கும் உரிய பொருளே ஆகும்.

யூபிலி என்று நாம் வழங்கும் சொல்லே விவிலியத்திலிருந்து வந்தது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் அதன் சட்டம் இருக்கிறது. ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து, ஐம்பதாம் ஆண்டு வரும்போது, நாடெங்கும் கொம்பு ஊதி அறிவிக்க வேண்டும். வறுமையால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த நிலம் திரும்ப வரவேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்தாரிடம் போகவேண்டும். அந்தக் கொம்பை ஊத வேண்டிய நாள் எது தெரியுமா? பாவநிவாரண நாள்! மக்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிடும் அந்த நாளிலேயே யூபிலி தொடங்குகிறது. பாவத்தை ஒப்புக்கொள்வதும் பறித்த நிலத்தைத் திருப்பித் தருவதும் ஒரே நாளில் வைக்கப்பட்டிருப்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

நிற்க. மனந்திரும்புதல் என்றால் என்ன? புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இதற்குரிய சொல் மனம் மாறுதலைக் குறிக்கும். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியிலோ திரும்பி வருதல் என்பதே பொருள். நம் தமிழ்ச் சொல்லில் மனம், திரும்புதல் ஆகிய இரண்டும் சேர்ந்தே அமைந்திருக்கின்றன. மனம் மாறியவன் கால் திரும்பவில்லை என்றால் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

வருத்தம் வேறு, மனந்திரும்புதல் வேறு. இயேசு பிடிபட்ட அந்த ஓர் இரவில் அவருடைய சீடர் இருவர் தவறு செய்தார்கள். பேதுரு அவரைத் தெரியாது என்று மும்முறை மறுதலித்தார். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தான். இருவரும் வருந்தினார்கள். யூதாஸ் காசைக்கூடத் திருப்பிக் கொண்டுபோனான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டும் சொன்னான். ஆனால் யாரிடம் சொன்னான்? தன்னோடு பேரம் பேசிய குருக்களிடம். எங்களுக்கென்ன என்று அவர்கள் கைவிரித்தார்கள். தீங்குக்கு உள்ளானவரின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. நம்பிக்கை இழந்து தன்னைத்தானே அழித்துக்கொண்டான். பேதுருவோ மனம் கசந்து அழுதார். அழுதபின் மற்றச் சீடர்களோடு தங்கியிருந்தார். ஏரிக்கரையில் ஆண்டவரைக் கண்டதும் படகிலிருந்து குதித்து அவரை நோக்கிச் சென்றார். இருவர்க்கும் வேறுபாடு கண்ணீரின் அளவில் இல்லை. ஒருவர் திரும்பி வந்தார், மற்றவன் வரவில்லை.

இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறு செய்தபின் தன்னையே வெறுத்து, இனி எனக்கு விடிவில்லை என்று மூலையில் உட்காருவது பணிவைப் போலத் தோன்றும். உண்மையில் அது திரும்பி வர மறுப்பதாகும். எந்தத் தவறும் உங்கள் உயிரைவிடப் பெரிதன்று.

தவறு செய்தவனுக்கு முன் பல வழிகள் திறக்கின்றன. மறைத்துவிடலாம். பிறர்மேல் பழி போடலாம். சவுல் அரசன் செய்தது மூன்றாவது வழி: பாவம் செய்தேன் என்று சாமுவேலிடம் சொன்னான்; ஆனால் மூப்பர்களுக்கு முன்பாகத் தனக்குள்ள மரியாதை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே மூச்சில் கேட்டுக்கொண்டான். குற்றத்தை விட மானக்கேட்டையே அவன் பெரிதாக எண்ணினான்.

தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் கொல்லவும் வைத்தான். நாத்தான் என்னும் இறைவாக்கினர் அரசனிடம் சென்று ஒரு கதை சொன்னார். பெரும் மந்தையுடைய செல்வன் ஒருவன், தன் ஆடுகளைத் தொடாமல், ஏழையிடம் பிள்ளைபோல் வளர்ந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்தான் என்பது கதை. தாவீது கொதித்தெழுந்து, அந்த மனிதன் நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். நீயே அந்த மனிதன் என்றார் நாத்தான். அரசன் நினைத்தால் அவரைச் சிறையில் தள்ளியிருக்கலாம். தான் குற்றவாளி என்று அங்கேயே ஒப்புக்கொண்டான். ஆனால் உரியாவை யாரால் திருப்பித் தரமுடியும்? திருப்பித் தரமுடியாத தீங்குகளும் உலகில் உண்டு. அவற்றைச் செய்தவன் அதன் விளைவுகளைச் சுமந்துகொண்டுதான் வாழவேண்டும், தாவீதும் சுமந்தான்.

தாவீது பிறனுக்கு விதித்த அதே நான்கு மடங்கைத் தனக்குத்தானே விதித்துக்கொண்ட ஒருவர் புதிய ஏற்பாட்டில் வருகிறார். அவர் எரிகோ நகரத்து வரி வசூல் தலைவர் சகேயு. இயேசு அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் வீட்டிற்கு விருந்தாளியாக வருவதாகச் சொன்னார். ஊரார் முணுமுணுத்தார்கள். சகேயு எழுந்து நின்று, தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், எவரிடமாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார். பொதுவாக ஏமாற்றுக் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் செலுத்த வேண்டியது, எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின்படி, முதலும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கும்தான். நூறு ரூபாய்க்கு நூற்றிருபது. சகேயு நானூறு என்றார். மன்னிப்பை விலைக்கு வாங்க அவர் அப்படிச் சொல்லவில்லை. அன்பு முதலில் அவர் வாசலுக்கு வந்துவிட்டது. அதற்குப் பின்னரே பணப்பெட்டி திறந்தது.

நம் பகுதியில் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. ஒரு வியாபாரி மூட்டைக்கு இரண்டு கிலோ எடை குறைத்துப் பொருள் சேர்த்தார் என வைத்துக்கொள்வோம். பின்னர் மனம் உறுத்த, ஆலயத்திற்குப் பெரிய மணி ஒன்று வாங்கித் தந்தார். மணியோசை ஊரெங்கும் கேட்கிறது. எடையில் ஏமாந்த விவசாயி வீட்டிலும் கேட்கிறது. ஆனால் அந்த வீட்டிற்கு வரவேண்டிய பணம் வரவில்லையே! ஆண்டுதோறும் நம் மக்கள் வேளாங்கண்ணிக்குப் பல நாள் நடந்து செல்கிறார்கள். அந்தப் பக்தியை நான் குறை கூறவில்லை. அத்தனை தூரம் நடக்க முடிந்த நமக்கு, நம்மால் நோவு பட்ட அடுத்த வீட்டாரின் வாசல் வரை பத்தடி நடப்பது ஏன் அத்தனை கடினமாக இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

திருச்சபைகளின் போதனையும் இதுவே. கத்தோலிக்கர் முன்னாளில் பாவசங்கீர்த்தனம் என்றும், இந்நாளில் ஒப்புரவு அருட்சாதனம் என்றும் வழங்குவதில், ஆன்ம சோதனையும், மனத்துயரும், இனிச் செய்வதில்லை என்னும் உறுதியும், அறிக்கையிடுதலும், பரிகாரமும் அடங்கும். திருடியவன் பொருளைத் திருப்பித் தரவேண்டும். அவதூறு பரப்பியவன் மற்றவருடைய நற்பெயரை மீட்டுத் தரவேண்டும். பாவமன்னிப்புப் பெற்றதனால் அந்தக் கடமை நீங்கிவிடாது என்று அவர்களுடைய மறைக்கல்வி நூல் கூறுகிறது. 1517இல் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளுள் முதலாவதே, கிறிஸ்தவனின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதைப் பற்றியது.

இவ்வளவும் தனிமனிதரைப் பற்றியது. ஒரு கூட்டமே, ஒரு திருச்சபையே தவறு செய்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும்; ஏனெனில் அந்தத் தவறு நம் முன்னோர்க்கு இழைக்கப்பட்டது.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அங்கே அச்சாயிற்று. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்பவர் அந்நூலைப் படித்து லுத்தரன் சபையில் சேர்ந்து, சிறந்த உபதேசியாராக உழைத்தார். அவர் நம் மக்களில் ஒருவர். 1733இல் ஆரோன் என்பவரும், 1741இல் தியோகு என்பவரும் குருப்பட்டம் பெற்றார்கள். இராசநாயக்கனுக்கோ அது கிடைக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து பெறப் பிற சாதியார் தயங்குவார்கள் என்று மிஷனரிமார் எண்ணினார்கள். 1771இல் இறக்கும்வரை அவர் உபதேசியாராகவே இருந்தார். அந்தத் தீங்கை இனி யாரும் அவர்க்கு ஈடுசெய்ய முடியாது.

1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதைக் கேட்டுச் சென்னையிலும் தஞ்சையிலும் பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினார்கள்; ஞானஸ்நானம் பெற்றிருந்தும் சாதியை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. திருநெல்வேலிப் பகுதியில் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயம், சாதிவாரியாக மக்கள் தனித்தனியே நிற்பதற்காக இரண்டு கிளைகளாகப் பிரிந்து, ஒரே பீடத்தில் கூடியது. நடுவே தடுப்புச் சுவர். 1910இல் இயேசு சபைக் குருக்கள் அந்தச் சுவரை அகற்றினார்கள். ஒரு சாரார் வழக்குத் தொடுத்தார்கள். தனியிடம் தங்கள் உரிமை என்னும் வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற சுவர் போயிற்று. சொல்லோடு நிற்காமல் கடப்பாரையும் எடுத்த மனந்திரும்புதல் அது.

இரண்டாம் யோவான் பவுல் 2000 மார்ச் 12இல், திருச்சபையின் பிள்ளைகள் கடந்த காலங்களில் செய்த பாவங்களுக்காக உரோமையில் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம், கிறிஸ்தவரிடையே சாதிப் பாகுபாடு நற்செய்திக்கே முரணானது என்று வலியுறுத்தினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்பதை ஒப்புக்கொண்டது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் இடையில் 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஆலயத்தில் சம உரிமை கேட்டதையொட்டி எழுந்த மோதலில் காவல்துறை சுட்டு இருவர் உயிர் இழந்தார்கள். நம் அண்டையில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கில் பாகுபாடு காட்டப்படுவதாகத் தலித் கத்தோலிக்கர் தொடுத்த வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீசு அனுப்பியது. அதன் நியாயத்தை நீதிமன்றம் தீர்மானிக்கும். நான் சொல்வது இவ்வளவே: ஆவணத்தில் எழுதிய அறிக்கை கல்லறைத் தோட்டத்திற்கும், தேர் செல்லும் தெருவிற்கும், பங்குப் பேரவைக்கும் வந்து சேரவேண்டும். வராதவரை அது யூதாசின் முப்பது காசைப் போன்றதே. உரியவர் கைக்கு வரவில்லை.

ஆகவே, மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று நமக்கு எளிதாக அறிவுரை கூறுவோர்க்கு ஒன்று சொல்லலாம். மன்னிப்பைக் கேட்கலாம், கட்டளையிட முடியாது. கேட்பவர் கையில் திருப்பித் தரவேண்டியது ஏதேனும் இருந்தால், அதையும் கொண்டுவர வேண்டும். 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் எத்தனையோ இன்று பிறர் கையில் இருக்கின்றன. யூபிலிக் கொம்பு ஊதினால் அந்த நிலங்களும் அல்லவா திரும்பவேண்டும்?

இதுவரை கைதட்டினீர்கள். இனிச் சொல்வதற்குக் கைதட்டுவீர்களோ, அறியேன். பிறர் நமக்குத் தரவேண்டிய கணக்கைச் சரியாகச் சொல்லத் தெரிந்த நாம், நாம் தரவேண்டியதையும் அதே குரலில் சொல்லவேண்டும். நாத்தான் நம் தெருவிற்கு வந்தால் என்ன கதை சொல்வார்?

நமக்கும் கீழே ஒருவரை வைத்துப் பார்க்கும் நோய் நம்மிடமும் உண்டு. 2009இல் அருந்ததியர்க்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது, நம்மிலும் முகம் சுளித்தோர் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் பெண் எடுக்கவும், கை நனைக்கவும் தயங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். வடக்கன்குளத்துச் சுவரைப் பழிக்கும் வாய்க்கு இந்தச் சுவரைப் பற்றிப் பேசும் கடமையும் உண்டு.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்டு ஆலையிலும் உழைத்து வாங்கிய கூலியைச் சாராயத்தில் கரைத்து, வீட்டிற்கு வந்து மனைவியை அடிப்பவர் மறுநாள் காலையில் அழுவார். அந்த அழுகை உண்மையாகவே இருக்கலாம். சனிக்கிழமை மாலை கூலிக் கவர் யார் கைக்குப் போகிறது என்பதைக் கொண்டுதான் அவர் மனந்திரும்பினாரா என்று அறியமுடியும்.

பணியில் இருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். திருமுழுக்கு யோவானிடம் வரி வசூலிப்போரும் போர்வீரரும் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். இன்றைய வழக்கில் அவர்களை அரசு ஊழியர் எனலாம். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள், மிரட்டிப் பறிக்காதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள் என்ற கருத்திலேயே விடை சொன்னார். சாதிச் சான்றிதழுக்காக வரும் நம் தெருக் கிழவியிடம் கையூட்டு வாங்கும் நம் பிள்ளை, எந்த ஆலயத்தில் எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாலும், அந்தக் கிழவிக்குக் கடன்காரனே.

கடைசியாக, நம் சங்கத்தின் கணக்கு. படிக்கும் காலத்தில் சங்கத்தில் கல்விக் கடன் பெற்றவர்களுள் சிலர், வேலை கிடைத்தபின்னும் திருப்பிச் செலுத்தவில்லை. யார் பெயரையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொல்வது முறையும் அன்று. வறுமையால் முடியாதவர்களை நான் குறிப்பிடவும் இல்லை. அந்தப் பணம் வங்கிக்காரன் பணம் அன்று. வெங்காயம் அரிந்தும், பருத்தி எடுத்தும் நம் தாய்மார்கள் மாதந்தோறும் கட்டிய சந்தா. அது திரும்பாததனால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியின்றி வீட்டில் நிற்கிறார்கள். நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டி அதுதான்.

ஆகவே என் வேண்டுகோளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செய்த தவறுக்குப் பெயர் வையுங்கள். சூழ்நிலை, சகவாசம் என்று பூசி மெழுகாதீர்கள். தீங்குக்கு உள்ளானவரிடமே சென்று சொல்லுங்கள். திருப்பித் தரக்கூடியதைத் திருப்பித் தாருங்கள். சட்டப்படி தண்டனை உண்டெனில் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் உடனே மன்னிக்கவில்லையென்றால் கோபிக்காதீர்கள், காத்திருங்கள். மனம் இளகும் நாள் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இது உணர்ச்சி வந்தபின் எடுக்கும் முடிவு அன்று. முடிவை எடுங்கள்; உணர்ச்சி பின்னால் வரும்.

சங்கத்தின் பொருளாளர் அலுவலக அறையில் இருப்பார். கடன் பெற்றவர்கள் எண்ணாகமத்துச் சட்டப்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துச் செலுத்துவார்களாக. அந்த மேல்தொகை முழுவதும் இவ்வாண்டு கல்லூரியில் சேரவிருக்கும் பெண்பிள்ளைகளின் கட்டணத்திற்குப் போகட்டும். மொத்தமாக இயலாதவர்கள் தவணையாகத் தரலாம். எந்தக் கேள்வியும் கேட்காமல் ரசீது தரப்படும் என்று தலைவர் அவர்கள் எனக்கு உறுதி கூறியிருக்கிறார்.